அண்ணி தொட்ட செடி

எங்கள் வீட்டு பால்கனியில் நின்ற சோற்றுக்கற்றாழை ஒருநாள் காலை அடியோடு சாய்ந்து கிடந்தது. பத்து நாளுக்கு முன்புவரை வாள் வாளாக நிமிர்ந்து நின்ற மடல்கள், தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தன. அம்மா செடியைப் பார்த்தார். பிறகு, பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணியைப் பார்த்தார்.

"செடிகிட்ட மட்டும் போகாதன்னு சொன்னேனே, கேட்டியாம்மா? தொட்டியை நகத்தி வெச்சது நீதானே? இப்ப பாரு."

அண்ணிக்கு அது மாதவிலக்கு நேரம். அந்த நாட்களில் பூஜை அறை, ஊறுகாய் ஜாடி, செடிகள் ஆகிய மூன்றையும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கொடியில் துணி போட இடம் போதவில்லை என்று அவர் தொட்டியை ஓரடி தள்ளி வைத்திருந்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனார். அண்ணன் குளியலறையில் இருந்தான். நான் அங்கேயே நின்றேன். படித்தவன், மேடையில் பகுத்தறிவு பேசியவன், வாய் திறக்கவில்லை. அண்ணி கையிலிருந்த ஈரத்துணியை இரண்டுமுறை உதறிப் போட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருமணமாகி ஆறாவது மாதம். தன் வீட்டை விட்டு வந்த ஒரு பெண்ணுக்கு, புகுந்த வீட்டில் எழுதப்பட்ட முதல் குற்றப்பத்திரிகை அது. சாட்சி, ஒரு கற்றாழை.

இந்தக் கட்டுரை அந்தக் கற்றாழைக்கு எப்படித் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதையும் தாண்டி, ஒரு காரியம் கெட்டுப்போனால் நாம் காரணத்தை எங்கே தேடுகிறோம் என்பதைப் பற்றியது. மண்ணில் தேடாதவர் மனிதரில் தேடுவார். மனிதரில் தேடும்போது முதலில் கைக்குக் கிடைப்பது, பெரும்பாலும், வீட்டிலேயே பேச உரிமை குறைந்தவர்.

ஒரு தாய்ச்செடி, இரண்டு கதை

எங்கள் வீட்டு வாசல்படிக்கு மேலே இன்னொரு கற்றாழை தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்புக் கயிற்றில், வேர் மேலே, மடல் கீழே. கூடவே ஒரு படிகாரத் துண்டும் வெள்ளைச் சங்கும். கண்திருஷ்டி படாமலிருக்க அம்மா கட்டியது. பால்கனியில் செத்த செடியின் பக்கத்தில் முளைத்த கன்றைப் பிடுங்கித்தான் அதைக் கட்டியிருந்தார். அதாவது, இரண்டும் ஒரே தாய் வழி. ஒன்றுக்கு மண், தொட்டி, தினமும் தண்ணீர், ஐந்து பேரின் அக்கறை. மற்றொன்றுக்கு மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. நான்கு மாதமாகத் தலைகீழ். முன்னது அழுகிச் செத்தது. பின்னது உயிரோடு இருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் தொங்குவதைப் பார்த்து வியப்பார்கள். "மண்ணு இல்ல, தண்ணி இல்ல, பாருங்க எப்படிப் பச்சையா இருக்கு. அதுல தெய்வசக்தி இருக்கு." அம்மாவும் பெருமையாகத் தலையாட்டுவார். ஆக, உயிரோடு இருந்ததற்குக் காரணம் தெய்வம். செத்ததற்குக் காரணம் தீட்டு. இரண்டு செடிக்கும் இரண்டு கதை. புகழ் சாமிக்குப் போயிற்று, பழி மருமகளுக்கு வந்தது.

இந்த வகை விளக்கங்களுக்கு ஒரு குணம் உண்டு. அவை ஒருபோதும் தோற்காது. ஆகாசகருடன் கிழங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் வாசலில் கட்டுகிறார்கள். தன்னுள் சேர்த்து வைத்திருக்கும் நீரையும் மாவுச்சத்தையும் கொண்டு அது காற்றிலேயே தளிர் விடும். தளிர்த்தால், "வீட்டைக் காக்கிறது" என்பார்கள். சுருங்கிக் காய்ந்தால், "நமக்கு வந்த திருஷ்டியைத் தானே வாங்கிக்கொண்டது" என்பார்கள். பிழைத்தாலும் சக்தி, செத்தாலும் சக்தி. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் எதையுமே விளக்குவதில்லை. "இப்படி நடந்தால் நான் சொன்னது தவறு" என்று ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்றாவது ஒரு கருத்துக்கு இருக்க வேண்டும். அந்த இடம் இல்லாத கருத்தை எவ்வளவு பெரியவர் சொன்னாலும் அதை அறிவு என்று சொல்ல முடியாது.

தொட்டியைக் கவிழ்த்தபோது

அன்று இரவு, எல்லோரும் படுத்தபிறகு, பால்கனியில் பழைய செய்தித்தாளை விரித்துத் தொட்டியைத் தூக்கினேன். எளிதில் தூக்க முடியவில்லை; அவ்வளவு கனம். அடியில் அழகுக்காக வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மேலே பாசி படிந்து வழுவழுப்பாக இருந்தது. தொட்டியின் துளைகள் அந்தத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்தன.

கவிழ்த்துத் தட்டினேன். மண் உருண்டையாக வந்து விழுந்தது. வாசனை உடனே மூக்கில் ஏறியது. மழைக்காலத்தில் மூடிவைத்த சாக்கடையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. நாற்றங்காலிலிருந்து வாங்கிவந்தபடியே, தென்னைநார்க் கழிவும் களிமண்ணுமாக இருந்த கலவை, கையால் அழுத்தினால் பஞ்சு போலத் தண்ணீர் விட்டது. வேர் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் அப்படியே உறை போலக் கழன்று என் விரலோடு வந்தது. உள்ளே தலைமயிர் போல ஒரு நார் மட்டும் மிஞ்சியது. நல்ல கற்றாழை வேர் வெளிர் மஞ்சளாக, தடித்து, ஒடித்தால் 'படக்'கென்று ஒடியும். இங்கே ஒன்றுகூட அப்படி இல்லை. எல்லாம் பழுப்பும் கறுப்பும்.

மறுநாள் ஒவ்வொருவரையும் கேட்டேன். அப்பா நடைப்பயிற்சி முடித்து வந்ததும் ஒரு குவளை ஊற்றுவாராம். அம்மா குளித்துவிட்டுத் துளசிக்கு ஊற்றிய செம்பில் மிச்சத்தைக் கற்றாழைக்கு ஊற்றுவாராம். அரிசி கழுவிய தண்ணீரும் அதற்குத்தான். அண்ணன் இரவில் பாட்டிலில் மீந்ததைக் கொட்டுவானாம். நான் வேலை முடிந்து வந்து பால்கனியில் நிற்கும்போது என் பங்கை ஊற்றுவேன். ஒருவர் ஊற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. கடைசியாக அண்ணியிடம் கேட்டேன்.

"நான் எப்பவாச்சும்தான் ஊத்துவேன் தம்பி. இந்த நாலு நாளா கிட்டயே போகல. தொட்டியைத் தள்ளி வெச்சதோட சரி."

அந்த நான்கு நாளில் அந்தச் செடியைக் கொல்லாமல் இருந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். பழி அவர்மேல்தான் விழுந்தது.

மென்று பார்த்த ஒரு மருத்துவர்

கற்றாழை ஏன் தலைகீழாகத் தொங்கியும் வாழ்கிறது? அதைப் புரிந்துகொண்டால், அது ஏன் தொட்டியில் செத்தது என்பதும் அதே மூச்சில் புரிந்துவிடும். ஒரே காரணம் இரண்டு செடியையும் விளக்குகிறது. இரண்டு கதை தேவையில்லை.

சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். மழை எப்போதாவது பெய்யும். பெய்த தண்ணீர் கற்களுக்கிடையே ஓடி மறைந்துவிடும். அந்த நிலத்துக்கு ஏற்ப அது உடம்பை அமைத்துக்கொண்டது. நாம் 'சோறு' என்று சொல்லும் உள்சதையில் பெரும்பகுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கும் மேலே, தண்ணீர்தான். மேலே மெழுகு பூசிய தடித்த தோல். அதாவது ஒவ்வொரு மடலும் மூடிவைத்த ஒரு பானை.

இன்னும் வியப்பான ஏற்பாடு அதன் மூச்சில் இருக்கிறது. அதற்குத் தடயம் கொடுத்தது நம் வீட்டுப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்து விளையாடும் ரணகள்ளி, 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று நாம் சொல்லும் செடி. ஜெர்மனியில் பிறந்து, சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணிசெய்த பெஞ்சமின் ஹெய்ன் அந்த இலையை மென்று பார்த்தார். காலையில் புளித்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசாகக் கசந்தது. ஒரே இலை, ஒரே நாள், மூன்று சுவை. அவர் இதை 1813-இல் ஒரு கடிதமாக எழுத, லண்டன் லின்னியன் சங்கம் அதை வெளியிட்டது. 'இது ஏன்?' என்ற அந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்க இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று.

விடை இதுதான். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கும். துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரமும் வெளியே போகும். பாலை நிலத்தில் பகலில் துளையைத் திறப்பது, வெயிலில் பானையைத் திறந்துவைப்பது போன்றது. ஆகவே ரணகள்ளியும் கற்றாழையும் பகலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றிச் சேர்த்துவைக்கின்றன. காலையில் புளிப்பு அதனால்தான். பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, வெளிச்சத்தின் உதவியால் அந்த அமிலத்தைக் கரைத்து உணவாக்குகின்றன. நண்பகலில் புளிப்பு போவது அதனால்தான். ரணகள்ளி சேர்ந்த கிராசுலேசி குடும்பத்தின் பெயரால் இதைக் 'கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம்', ஆங்கிலச் சுருக்கத்தில் 'கேம்' (CAM), என்கிறார்கள். கணக்காகச் சொன்னால், ஒரு கிராம் கரியமில வாயுவை உள்ளே சேர்க்க நெல் போன்ற செடிகள் 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கின்றன. கேம் செடிகளுக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

வாசலில் தொங்கும் கற்றாழையின் ரகசியம் இவ்வளவுதான். அது தெய்வசக்தியில் வாழவில்லை. தன் கையிருப்பைச் சாப்பிட்டு வாழ்கிறது. கீழ்மடல்களில் உள்ள நீரை நடுக்குருத்துக்கு அனுப்பி, ஓரமடல்களை ஒவ்வொன்றாகப் பலிகொடுத்து, நாளைக் கடத்துகிறது. உற்றுப் பாருங்கள்: ஓர மடல்கள் மெலிந்து, வரிவரியாகச் சுருங்கி, உள்ளே சுருண்டிருக்கும். நாம் அதை அதிசயம் என்கிறோம். ஓர் உயிர் பட்டினியோடு போராடுவதைக் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பார்த்துக் கும்பிடுகிறோம்.

தண்ணீருக்குள் தாகம்

சரி, தொட்டியில் இருந்தது ஏன் செத்தது? வேர் தண்ணீரை மட்டும் குடிப்பதில்லை, மூச்சும் விடுகிறது. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. ஓயாமல் தண்ணீர் ஊற்றினால் அந்த இடைவெளிகள் எல்லாம் நீரால் அடைபடும். காற்றில் பரவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஆக்சிஜன் தண்ணீரில் பரவும். வேர் மூச்சுத் திணறும். திணறிச் செத்த வேரைப் பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்ற நீர்வாழ் நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்கும். அழுகல் அடியிலிருந்து மேலேறும்.

இதில் மிகக் கொடுமையான கட்டம் ஒன்று உண்டு. வேர் அழுகிய செடிக்குத் தண்ணீரை உறிஞ்ச வழியில்லை. ஆகவே சுற்றிலும் தண்ணீர் நிற்க, அது தாகத்தில் வாடும். மடல் தொய்ந்து போகும். பார்ப்பவர் என்ன நினைப்பார்? "ஐயோ, வாடிப்போச்சே" என்று இன்னொரு செம்பு ஊற்றுவார். அதுதான் கடைசிச் செம்பு.

நாங்கள் ஐந்து பேரும் கெட்டவர்கள் அல்ல. எல்லோரும் அன்பாகத்தான் ஊற்றினோம். அதுதான் என்னை உறுத்துகிறது. நாங்கள் ஊற்றியபோது ஒருவர்கூடச் செடியைப் பார்க்கவில்லை. காலையில் குளித்ததும் ஊற்ற வேண்டும், ஊற்றினோம். ஊற்றியதும் மனம் நிறைந்தது. தேவை செடியினுடையது, நிறைவு எங்களுடையது. எதிரில் இருப்பதன் தேவையைக் கேட்காமல், தன் மனநிறைவுக்காகச் செய்வதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: சடங்கு. சடங்கில் அளவு கிடையாது, கேள்வி கிடையாது, பலன் என்ன என்று திரும்பிப் பார்ப்பதும் கிடையாது. அன்பு என்றால் அது திரும்பிப் பார்க்கும்.

மேலைநாட்டு மருத்துவரும் எங்கள் அம்மாவும்

"தீட்டுப் பட்டால் செடி வாடும் என்பது படிக்காதவர் பேச்சு" என்று எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். வியன்னாவில் பேலா ஷிக் என்று ஒரு புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் இருந்தார். தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்ப்பாற்றல் உடம்பில் உண்டா என்று கண்டறியும் 'ஷிக் சோதனை' அவருடையது. எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காக்க உதவியது. அதே ஷிக், 1920-இல், மாதவிலக்கில் இருக்கும் பெண்ணின் உடம்பில் ஒரு நஞ்சு சுரக்கிறது, அவள் தொட்டால் பூ வாடும் என்று எழுதினார். வீட்டு வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்த பூக்கள் மறுநாள் வாடியிருந்தன, அங்கிருந்துதான் ஆரம்பம். பிறகு அமெரிக்காவிலும் சிலர் அதைப் பின்பற்றி, நாற்றுகளை வைத்துச் சோதித்தார்கள். நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்படி ஒரு நஞ்சை யாரும் பிரித்தெடுத்துக் காட்டவில்லை.

பாருங்கள், வியன்னாவிலும் அகப்பட்டது ஒரு பெண்தான். அதுவும் வேலைக்காரப் பெண். பூ வாடியதற்கு வெயில் இருக்கலாம், குவளைத் தண்ணீர் இருக்கலாம், பறித்து எத்தனை நாள் என்பது இருக்கலாம். கண் அவள்மேல் போய் நின்றது. ஆகவே, படிப்பு ஒருவரை மூடநம்பிக்கையிலிருந்து தானாகக் காப்பாற்றிவிடாது. காப்பாற்றுவது சோதனை ஒன்றுதான். அதுவும் நேர்மையான சோதனை.

அந்தச் சோதனை உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியது. ஒரே அளவுள்ள பத்துக் கன்றுகள், ஒரே மண், ஒரே வெளிச்சம், ஒரே அளவு தண்ணீர். ஐந்தை மாதவிலக்கில் இருப்பவர் தினமும் தொடட்டும். ஐந்தை அவர் தொட வேண்டாம். எது எது என்பதை ஒருவர் மட்டும் ஒரு தாளில் குறித்து மூடி வைக்கட்டும். ஒரு மாதம் கழித்து, அந்தத் தாளைப் பார்க்காத இன்னொருவர் வந்து, எவை வாடியிருக்கின்றன என்று சொல்லட்டும். பிறகு தாளைத் திறங்கள். செலவு சில நூறு ரூபாய். தலைமுறை தலைமுறையாகப் பெண்களை ஒதுக்கிவைத்த ஒரு நம்பிக்கையை, இந்தச் சில நூறு ரூபாய் செலவில் நம் வீடுகளில் யாரும் சோதிக்கவில்லையே, ஏன்? விடை தெரிந்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணமா?

சோதிக்க அஞ்சாத ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர். ஏமாற்றுக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய சக்தியைக் காட்டுபவருக்கு இலங்கைப் பணம் ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும்வரை யாரும் அதை வெல்லவில்லை. அவர் செடிகளைப் படித்த ஆசிரியர் என்பது எனக்குப் பொருளுள்ளதாகப் படுகிறது. செடி பொய் சொல்லாது. யார் ஊற்றினார் என்று பார்க்காது; எவ்வளவு ஊற்றினார் என்று மட்டும் பார்க்கும்.

அதே அளவுகோலைப் புதிய நம்பிக்கைகளுக்கும் வைப்போம். 'பாம்புச்செடியும் கற்றாழையும் இரவிலும் ஆக்சிஜன் தரும், படுக்கையறைக் காற்றைச் சுத்தமாக்கும்' என்று சொல்லி விற்கிறார்கள். இவை இரவில் துளைகளைத் திறப்பது உண்மை. கரியமில வாயுவை வாங்குவதற்காக. ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்தச் செடியும் அதைத் தயாரிப்பதில்லை. காற்றைச் சுத்தமாக்கும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், நாசா 1989-இல் செய்த ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. நம் வீட்டுக்கு ஜன்னல் இருக்கிறது. சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்று 2019-இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது. திருஷ்டிக் கயிறு கட்டுபவரைக் கேள்வி கேட்கும் உரிமை, இதையும் கேட்பவருக்கே உண்டு.

ஈர்க்குச்சியிடம் கேளுங்கள்

இனி, ஊற்றும் முறை. இட்லி வெந்ததா என்று அடுப்படியில் நாள் பார்த்துச் சொல்கிறோமா? ஈர்க்குச்சியைக் குத்திப் பார்க்கிறோம். மாவு ஒட்டினால் வேகவில்லை. ஒட்டாமல் வந்தால் வெந்தது. கற்றாழைக்கும் அதே முறைதான். தொட்டியின் ஓரமாக ஈர்க்குச்சியை அடிவரை விட்டு, சிறிது நேரம் வைத்து எடுங்கள். மண் ஒட்டி, குச்சி கறுத்து வந்தால் அடியில் ஈரம் இருக்கிறது, ஊற்றாதீர்கள். சுத்தமாகக் காய்ந்து வந்தால் ஊற்றுங்கள். குச்சி இல்லையென்றால் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த மண் கனக்காது. மேல்மண் காய்ந்திருப்பதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

ஊற்றும்போது தினமும் அரைக்குவளை என்று தெளிக்காதீர்கள். அடித்துளை வழியாக வழிந்து வரும்வரை நிறைய ஊற்றுங்கள். மண் முழுக்க நனையட்டும். வழிந்ததை அடித்தட்டிலிருந்து கொட்டிவிடுங்கள். பிறகு, மண் மறுபடி முழுக்கக் காயும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். வெள்ளம், பிறகு வறட்சி: அதன் தாய்நிலத்தில் நடப்பது அதுதான். மடல்கள் கூடும் நடுக்குழியில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். அங்கே தேங்கினாலும் அழுகும். எங்கள் வீட்டில், சென்னைக் கோடையில், மண்தொட்டியில் இருக்கும் கற்றாழைக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு மாதம்கூடக் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வெயில் வேறு, உங்கள் மண் வேறு. நாள்காட்டியிடம் கேட்காதீர்கள்; ஈர்க்குச்சியிடம் கேளுங்கள்.

மண்ணில் பாதிக்குப் பாதி கரடுமுரடான ஆற்றுமணலோ சிறுகல்லோ இருக்கட்டும். தென்னைநார்க் கழிவு தண்ணீரைப் பிடித்துவைக்கும். இந்தச் செடிக்கு அது வேண்டாம். சுட்ட மண்தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை விடும், பிளாஸ்டிக் விடாது. 'அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் வடியும்' என்பதும் சோதிக்காமல் வந்த நம்பிக்கைதான். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி, வேருக்கு இன்னும் பக்கத்தில் நிற்கும். துளை அடைபடாமல் ஓர் ஓட்டுச்சில்லு போதும்.

தாகத்தையும் அழுகலையும் பிரித்தறியக் கற்றுக்கொள்ளுங்கள். மடல் மெலிந்து, சுருங்கி, ஆனால் உறுதியாக இருந்தால் தாகம். ஊற்றினால் இரண்டு நாளில் தேறும். மடல் கண்ணாடி போலத் தெளிந்து, கொழகொழத்து, அடி பழுத்துச் சாய்ந்தால் அழுகல். அங்கே தண்ணீர் நஞ்சு. உடனே பிடுங்கி, அழுகியதைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்து, மிஞ்சிய தண்டை நிழலில் சில நாள் காயவிட்டு, வெட்டுவாய் ஆறியபின் காய்ந்த மணற்கலவையில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள். இதில் எந்தக் கட்டத்திலும், யார் தொட்டார், எந்த நாளில் தொட்டார் என்ற கேள்வி வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு செடிக்கா இவ்வளவு?

"ஒரு கற்றாழைக்குப் போய் இத்தனை பேச்சா?" என்று கேட்பீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவை நினைத்துப் பாருங்கள். தஞ்சை மாவட்டத்தில், பூப்பெய்தியதற்காக வீட்டுக்கு வெளியே ஒரு குடிசையில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சிறுமி, தென்னை மரம் சாய்ந்து விழுந்து இறந்தாள். அவள் தொட்டால் தீட்டு என்ற அச்சம், அவளை மரத்தடியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தது. அந்தக் குடிசையைக் கட்டியவர்களும் அன்புள்ள பெற்றோர்தான். அன்பு இருந்தது, தொட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லை.

அந்தக் குடிசை ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல. "செடிகிட்ட போகாத" என்று சொல்லும் ஒவ்வொரு காலையும் அதற்கு ஒரு கீற்று. "அவ வந்த நேரம், வீடே சரியில்ல" என்பது ஒரு கீற்று. "உனக்குக் கைராசி இல்ல" என்பது ஒரு கீற்று. அதைக் கேட்டும் பேசாமல் நிற்கிறானே, படித்த மைத்துனன், அவனுடைய மௌனம்தான் அந்தக் குடிசையின் நடுக்கால்.

சிறு விஷயத்தில் சோதிக்கப் பழகாதவர் பெரிய விஷயத்தில் சோதிக்க மாட்டார். செடி செத்தால் தொட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மந்திரிக்கப் போகாமல் மருத்துவரிடம் போவார். தொழில் நொடித்தால் கணக்கைப் பார்ப்பார். குழந்தை இல்லையென்றால் மனைவியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் தன்னையும் பரிசோதித்துக்கொள்வார். பகுத்தறிவு என்பது கடவுள் உண்டா இல்லையா என்ற வாதத்தோடு முடிவதில்லை. ஒருவர்மேல் பழி சொல்லும் முன் மண்ணில் விரலை விட்டுப் பார்க்கும் நேர்மை அது.

வாசலில் தொங்கிய கற்றாழையை அவிழ்த்து, மணற்கலவை நிரப்பிய மண்தொட்டியில் நட்டோம். நட்டவர் அண்ணி. நாள் பார்க்கவில்லை. அதன் வற்றிய மடல்கள் மெல்லத் தடித்தன. இன்று அதைச் சுற்றி நான்கு கன்றுகள். அம்மா வாசலைத் தாண்டும்போதெல்லாம் வெறும் ஆணியைப் பார்ப்பார், ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஈர்க்குச்சி இப்போது தொட்டியின் ஓரத்திலேயே நிற்கிறது, குத்தியது அவர்தான்.

செடி பிழைத்ததோடு கணக்கு முடிந்துவிடவில்லை. தவறான காரணம் சொன்னவர் அந்தக் காரணத்தைத் திரும்பப் பெற வேண்டும். யார்மேல் சொன்னாரோ அவரிடமே. அன்று பேசாமல் நின்றவனுக்கும் அந்தக் கடன் உண்டு. பல நாள் தள்ளிப்போட்டு, ஒரு மாலையில் அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கற்றாழையின் காய்ந்த ஓரமடலை ஒடித்துக்கொண்டே சொன்னார்:

"செடிக்காக அன்னைக்கு நான் அழல தம்பி. இத்தனை பேரு இருந்தீங்க. ஒருத்தராச்சும் அந்தத் தட்டைத் தூக்கிப் பாத்திருக்கலாமேன்னுதான்."